திருகு கழன்றால் டைகரும் பூனை: ரிமோட் டாங்கிச் சண்டைக்குப் பயனுள்ள குறிப்புகள்

ரிமோட் கார் ஓடாத வீடு இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை நரைத்த நாலு பேர் புல்வெளியில் நின்றுகொண்டு, ரிமோட் டாங்கிகளை ஏவி ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்கிறார்கள் என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னால், மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது. இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த இடத்தில் எனக்குத் தொற்றிய பைத்தியம் இது. ஜப்பானின் டமியா நிறுவனம் 1974-ல் வெளியிட்ட முதல் ரிமோட் மாடலே 1/16 அளவு ஷெர்மன் டாங்கிதான்; கார் பிறகுதான் வந்தது. ஆகவே நாங்கள் நேற்றுப் பெய்த மழையில் முளைத்தவர்கள் இல்லை.

காசையும் ஒருமுறை கணுக்காலையும் பறிகொடுத்துக் கற்றதைக் கீழே தருகிறேன். போர் உத்தி குறைவாகவும் திருகு, கிரீஸ், பேட்டரி அதிகமாகவும் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மைதானத்தில் எதிரி சுட்டு நின்ற டாங்கியை விட, தானாகவே படுத்த டாங்கிதான் எப்போதும் அதிகம்.

1. வாங்கும் முன் அளவைத் தீர்மானியுங்கள். அதிகம் புழங்குபவை 1/16, 1/6 என்ற இரண்டு அளவுகள். அசல் ஜெர்மன் டைகர், பீரங்கிக் குழாயையும் சேர்த்து 8.45 மீட்டர் நீளம். 1/16-ல் அது 53 சென்டிமீட்டர்; சாப்பாட்டு மேசையில் வைக்கலாம். 1/6-ல் 1 மீட்டர் 41 சென்டிமீட்டர். மேசையை விற்க வேண்டும்.

2. நீளத்தை வைத்து எடையைக் கணக்குப் போடாதீர்கள். 1/6 என்றால் நீளமும் ஆறில் ஒன்று, அகலமும் ஆறில் ஒன்று, உயரமும் ஆறில் ஒன்று. ஆகவே எடை 216-ல் ஒன்று. 57 டன் டைகரை அப்படியே சுருக்கினால் 264 கிலோ வரும். மாடலின் தகடு மெல்லியது என்பதால் அவ்வளவு கனக்காது. ஆனாலும் முழு உலோகத்தில் செய்த 1/6 டைகர் ஒரு ஆள் தூக்குகிற சமாசாரம் இல்லை. நண்பர் ஒருவரின் டாங்கி ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கியது. ஒரு முனையைப் பிடிக்க வந்த என் மனைவி, "ஏங்க, இது பீரங்கியா ஆட்டுக்கல்லா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு கற்ற வழி: மேலே சுழலும் கூண்டை, அதாவது டரெட்டை, முதலில் கழற்றித் தனியாக எடுங்கள். இரண்டு தடித்த பலகைகளைச் சாய்த்து வைத்து, ரிமோட்டால் ஓட்டியே காரில் ஏற்றுங்கள். மோட்டார் எதற்கு இருக்கிறது?

3. உள்கதவை அளந்து பாருங்கள். 1/6 டைகரின் அகலம் 62 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், கதவுக்குள் நுழைந்துவிடும். நுழைந்தவுடன் குறுகலான நடையில் திரும்ப வேண்டி வந்தால்தான் சிக்கல். சோபா வாங்கும்போது எல்லோரும் செய்யும் அதே தவறு.

4. 1/6 அளவு சரிதானா என்று பார்க்க டேப் தேவையில்லை. மகளின் பார்பி பொம்மை ஏறக்குறைய அதே அளவு. டரெட்டின் மேல்மூடியைத் திறந்து பார்பியை இடுப்பு வரை இறக்கிப் பாருங்கள். தளபதி போல நின்றால் சரி. திருப்பிக் கொடுக்கும்போது கிரீஸைத் துடைத்துக் கொடுங்கள்.

5. முதல் டாங்கி 1/16-ல் இருக்கட்டும். சீனத்து ஹெங் லாங் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடும், விலையும் குறைவு. டமியா கிட்டை உட்கார்ந்து நீங்களே கூட்ட வேண்டும். கூட்டும்போதே எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று விரலுக்குப் பழகிவிடும். பழுது பார்க்கும் நாளில் அது உதவும். என் ஓட்டு டமியாவுக்கு. பர்ஸின் ஓட்டு வேறு கட்சிக்கு.

6. 1/6-க்குப் போக இரண்டு வழி. இங்கிலாந்தின் ஆர்மர்டெக் போன்ற நிறுவனங்கள் விற்கும் உலோகக் கிட் ஒன்று. அதன் விலையை வீட்டில் உரக்கச் சொல்லாதீர்கள். இன்னொன்று, அமெரிக்காவில் பலர் செய்வதுபோல் பிளைவுட்டை அறுத்து உடலைக் கட்டி, பழைய மின்சார சக்கர நாற்காலியின் இரண்டு 24 வோல்ட் மோட்டார்களை உள்ளே வைப்பது. கியரோடு சேர்ந்தே வருவதால் அந்த மோட்டார்கள் இதற்கென்றே செய்தவை போலிருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாற்காலி சரிவில் உருண்டுவிடாமல் இருக்க, மின்சாரம் இல்லாதபோது தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் அதில் இருக்கும். அதை விடுவிக்காமல் மோட்டாரைச் சுற்றப் பார்த்துவிட்டு, 'மோட்டார் செத்துப்போச்சு' என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு.

7. ஊர்ப் பாசம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. சென்னையை அடுத்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அஜேயா, ரஷ்யாவின் டி-72 தான். பீஷ்மா, டி-90 தான். இரண்டுமே ஹெங் லாங்கின் 1/16 வரிசையில் கிடைக்கின்றன. பெயின்டை மாற்றினால் ஆவடி டாங்கி தயார். ஜெர்மன் சாம்பல் நிறக் கூட்டத்தின் நடுவே அது நிற்கிற அழகே தனி.

8. உபயோகத்திலிருந்து விலக்கிய இட்லித் தட்டு ஒன்றைக் கராஜுக்குக் கொண்டு போய்விடுங்கள். ஒரு குழிக்கு ஒரு வகைத் திருகு. கழற்றிய வரிசைப்படியே குழிகளை நிரப்பினால், திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நட்டு, வாஷர், பின், ஃப்யூஸ் வகையறாவை நிரந்தரமாக வைக்கப் பழைய அஞ்சறைப் பெட்டியை விடச் சிறந்த சாமானை எந்த ஹார்டுவேர் கடையிலும் நான் பார்க்கவில்லை.

9. கீழே விழுந்த திருகைத் தேட, பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை ஒரு பாலிதீன் பையில் போட்டுத் தரையோடு தடவுங்கள். ஒட்டியதும் பையை உள்வெளியாகத் திருப்பினால் திருகுகள் பைக்குள், காந்தம் சுத்தம்.

10. சிவப்பு நெயில் பாலிஷ் இந்தப் பொழுதுபோக்கின் உயிர். நட்டை இறுக்கிய பிறகு, நட்டின் மேலும் அது உட்கார்ந்திருக்கும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். அடுத்த வாரம் கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு கழல ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பேனரைத் தொடாமலே, டார்ச் அடித்து ஒரு நிமிடத்தில் முழு டாங்கியையும் சோதித்துவிடலாம்.

11. உலோகத்துக்குள் போகும் திருகுக்கு, கழலாமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விடுங்கள். பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகில் அது வேண்டாம்; சில வகை பிளாஸ்டிக் அது பட்டே விரிசல் விடும். அங்கேயும் நெயில் பாலிஷ்தான், திருகின் தலையில் மட்டும்.

12. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். இங்கிலாந்தில் வருடத்தில் எத்தனை நாள் 24 டிகிரி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அச்சுக்கும் பேரிங்குக்கும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கியருக்கு லித்தியம் கிரீஸ், பல்லில் மட்டும், அதுவும் பூசினாற்போல. கிரீஸை அப்பினால் அதில் மண் ஒட்டி உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும்.

13. புகை விடும் டாங்கியில், பெட்டியோடு கொடுத்த புகை எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். சமையல் எண்ணெய் ஊற்றினால் பிசின் போல அடைத்துக்கொள்ளும்; வழி நெடுக வடை சுட்ட வாசனை வேறு. எண்ணெய் வற்றியிருக்கும்போது புகையை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி கருகிவிடும்.

14. இனி டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. ஒரு டாங்கியின் மானம் இதில்தான் இருக்கிறது. தளர்ந்திருந்தால் திரும்பும்போது பல்சக்கரத்தை விட்டு நழுவி வெளியே விழும். இறுக்கமாக இருந்தால் மோட்டார் மூச்சு வாங்கும், பேட்டரி சீக்கிரம் வற்றும், அச்சு வளையும். எவ்வளவு இறுக்கம் சரி என்பது டாங்கிக்கு டாங்கி மாறும். ஷெர்மனில் மேல் பட்டையைத் தாங்கச் சின்ன உருளைகள் இருக்கின்றன. அங்கே பட்டை ஓரளவு நேராக ஓட வேண்டும். டைகரில் அந்த உருளைகள் கிடையாது. மேல் பட்டை பெரிய சக்கரங்களின் முதுகில் படுத்துக்கொண்டுதான் போகும். புதிதாக வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, 'தொங்குதே' என்று இரண்டு கண்ணியைக் கழற்றிவிடுவார். நானும் கழற்றியிருக்கிறேன். அன்று மாலை கியர் பாக்ஸ் ஒன்று போனது. சந்தேகம் இருந்தால் அசல் டைகரின் பக்கவாட்டுப் போட்டோவைப் பார்த்து அதே தொங்கலை வையுங்கள். எண்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பொறியாளர்கள் தெரியாமல் செய்துவிடவில்லை.

15. டிராக் கண்ணிகளைக் கோக்கும் பின், ஓட ஓட ஒரு பக்கமாக வெளியே நகர்ந்து வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஈரத் துணியால் டிராக்கின் ஓரத்தைத் துடையுங்கள். நகர்ந்த பின் துணியில் மாட்டும், அதுதான் சோதனை. அதே தடிமனில் வெட்டி வைத்த எஃகுக் கம்பித் துண்டுகள் பத்து, மாற்றுக் கண்ணிகள் நான்கு எப்போதும் பையில் இருக்கட்டும்.

16. டைகர், பேந்தர் இரண்டிலும் சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியது போல் இருக்கும். பார்க்க அழகு, பராமரிக்கத் தலைவலி. ரஷ்யக் குளிரில் இந்தச் சந்துகளில் சேறு உறைந்து அசல் டாங்கிகளே நகராமல் நின்றிருக்கின்றன. உங்களுக்கும் அதே சேறு, அதே சந்து. ஆட்டம் முடிந்து ஈரம் காய்வதற்குள் பழைய டூத் பிரஷும் ஐஸ் குச்சியும் கொண்டு தோண்டி எடுத்துவிடுங்கள். மறுநாள் என்று விட்டால் களிமண் செங்கல் ஆகிவிடும்.

17. உயரமான புல்லில் ஓட்டினால் அச்சில் புல் சுற்றிக்கொள்ளும். வீட்டுக் கம்பளத்தில் ஓட்டினால் நீள முடி. தையல் பிரிக்கும் சின்னக் கத்தி இதற்கு அருமையான கருவி. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவது நல்லது.

18. குர்ஸ்க் போருக்கு, 1943 ஜூலையில், ஜெர்மனி 200 புத்தம்புது பேந்தர் டாங்கிகளைக் களமிறக்கியது. சில நாட்களிலேயே ஓடும் நிலையில் மிஞ்சியவை சொற்பம். கண்ணிவெடியும் எதிரியின் குண்டும் ஒரு பக்கம் தின்றன. எஞ்சின் தீயும் இயந்திரக் கோளாறும் இன்னொரு பக்கம். சோதித்துப் பார்க்காத வண்டியைச் சண்டைக்கு அனுப்பினார்கள். ஆகவே புது டாங்கியை நேராகப் போட்டிக்குக் கொண்டு வராதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் மூன்று பேட்டரி தீரும் வரை ஓட்டி, மறுபடி எல்லாத் திருகையும் பார்த்து, பிறகு வாருங்கள்.

19. நின்ற இடத்தில் சுழல்வதைக் குறையுங்கள். ஒரு டிராக் முன்னே, ஒன்று பின்னே ஓட, டாங்கி நின்றபடி சுழலும்போதுதான் மோட்டார் அதிக மின்சாரம் குடிக்கும், டிராக்கும் கழலும். ஓடிக்கொண்டே அகலமாக வளையுங்கள். சர்ச்சில் போல நீண்டு ஒடுங்கிய டாங்கிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

20. ரிமோட்டை முழுக்க அழுத்தாதீர்கள். அசல் டைகர் சாலையில் ஓடிய வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தால், 1/6-ல் அது 7.5, 1/16-ல் மூன்றுக்கும் குறைவு. 1/16 டாங்கியோடு நீங்கள் பேசிக்கொண்டே நடக்கலாம். அதற்கு மேல் ஓடினால் டாங்கி மாதிரி இருக்காது, எலி மாதிரி இருக்கும்.

21. பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்தால் மேடு ஏறும்போது மூக்கைத் தூக்கும். ஒரு உருட்டுக் கட்டையின் மேல் டாங்கியைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். எடை சமமாகும் இடம் டிராக்கின் நடுவிலோ ஒரு விரற்கடை முன்னாலோ இருக்க வேண்டும்.

22. இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போடும்போது ரிமோட் முதலில், டாங்கி பிறகு. அணைக்கும்போது டாங்கி முதலில், ரிமோட் பிறகு. மாற்றிச் செய்தால் ரிமோட்டின் கட்டளை இல்லாத டாங்கி என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. முன்னுரையில் சொன்ன கணுக்கால் இப்படிப் போனதுதான்.

23. பழுது பார்க்கும்போது டாங்கியின் வயிற்றுக்குக் கீழே செங்கல் கொடுத்து, டிராக் தரையில் படாமல் வையுங்கள். அந்த நிலையில் டிராக்கை ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். டிராக் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ரிசீவரின் பாதுகாப்பு அமைப்பு சரியாகப் பதியவில்லை; அது சரியாகும் வரை மைதானம் வேண்டாம். பெரிய அளவு டாங்கிகளுக்கு, வெளியே கைக்கு எட்டும் இடத்தில் பிடுங்கினால் மின்சாரம் அறுந்துவிடும் ஒரு பிளக்கும், பேட்டரியின் வாயிலேயே ஒரு ஃப்யூஸும் கட்டாயம்.

24. கராஜில் லுங்கியோடு நின்று 1/6 டாங்கியைச் சோதிக்காதீர்கள். துப்பட்டாவும் அப்படியே. பல்சக்கரத்துக்கும் டிராக்குக்கும் நடுவே துணி போனால் ஆளையும் சேர்த்து இழுக்கும். விரல் போனால் கேட்கவே வேண்டாம்.

25. லித்தியம் பாலிமர் பேட்டரியை மண் தொட்டிக்குள் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். செடி வைக்கிற அதே தொட்டிதான். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது, கடைக்கும் போகக் கூடாது. அப்பளம் போல உப்பிய பேட்டரிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்காதீர்கள்.

26. நினைவில் வைக்க மூன்று எண்கள். ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 3.0-க்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுவிடும். வாரக்கணக்கில் சும்மா வைப்பதானால் 3.8-ல் வையுங்கள். 'ஃபுல்லாக இருக்கட்டுமே' என்று மாதக்கணக்கில் முழுச் சார்ஜில் வைப்பவர்கள்தான் வருடத்துக்கு ஒரு பேட்டரி வாங்குகிறார்கள்.

27. ஈய அமில பேட்டரிக்குச் சட்டம் நேர் எதிர். அதைக் காலியாக வைக்கவே கூடாது. வீடு திரும்பியதும் டீக்கு முன்னால் சார்ஜ்.

28. பேட்டரி அறை சின்னதாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். உலகம் முழுக்க ராணுவ மாடல்களுக்கு 1/35 என்றொரு விசித்திர அளவு நிலைத்துவிட்டது. டமியா தன் முதல் பேந்தர் மாடலைச் செய்தபோது, உள்ளே இரண்டு பேட்டரிக் கட்டைகள் உட்கார வேண்டும் என்று வடிவமைத்ததில் தற்செயலாக வந்த அளவு அது. டாங்கிக்காகப் பேட்டரி இல்லை, பேட்டரிக்காக டாங்கி. பேட்டரி தாராளமாக உட்காரும் மாடலாகப் பார்த்து வாங்குவது குற்றமே இல்லை.

29. உலோக உடலுக்குள் ஆன்டெனாவை ஒளித்து வைத்தால் சிக்னல் உள்ளே வராது. குளிர்பானம் குடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குள் அந்த ஒயரை நுழைத்து மேலே நீட்டுங்கள். அசல் டாங்கிக்கும் ஆன்டெனா உண்டு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

30. பிரிட்டனில் பழைய ரிமோட் வாங்குபவர்கள் கவனத்துக்கு: 35 மெகாஹெர்ட்ஸ் விமான மாடல்களுக்கு மட்டும் ஒதுக்கியது. தரையில் ஓடுபவற்றுக்கு 27, 40. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் இந்தத் தொல்லையே இல்லை. பழசு மலிவு என்று வாங்கி, அதே சேனலில் இன்னொருவரும் வந்தால் உங்கள் டாங்கி அவர் பேச்சைக் கேட்கும்.

31. அகச்சிவப்புக் கதிரால் சுடும் டாங்கி உண்மையில் சுடுகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. டிவி ரிமோட்டைச் சோதிப்பது போலத்தான்: குழாய் முனையைப் போன் கேமராவில் பாருங்கள், சுடும்போது ஊதா நிறத்தில் மினுங்கும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

32. உச்சி வெயிலில் அகச்சிவப்புச் சண்டை வேண்டாம். சூரியனே பெரிய அகச்சிவப்பு விளக்கு. எதிரியின் சுடுகதிர் அதில் கரைந்துவிடும். மர நிழல், மாலை வேளை, மேகம் மூடிய நாள் நல்லது. இங்கிலாந்து இந்த ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்த நாடு. வீட்டுக்குள் ஆடினால் வேறு வம்பு: வெள்ளைச் சுவரில் கதிர் பட்டுத் திரும்பி, முதுகைக் காட்டி நிற்பவரும் அடிபடுவார். குழாய்க்குள் கறுப்புக் காகிதத்தைச் சுருட்டிச் செருகினால் கதிர் ஒடுங்கும்.

33. டமியா முறையில் கனரக டாங்கி 9 அடி தாங்கும், நடுத்தரம் 6, இலகு ரகம் 3. ஆனால் கனத்துக்கு ஏற்ப அடுத்த குண்டுக்குக் காத்திருக்கும் நேரமும் கூடும். எனவே டைகர் ஓட்டுபவர் சுட்டவுடன் மறைவுக்குப் போக வேண்டும். ஷெர்மன் ஓட்டுபவர்கள் தனியாக வரவே கூடாது. ஒருவர் முன்னால் நின்று சீண்ட, இன்னொருவர் பக்கவாட்டில் வர வேண்டும். புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. அசல் போரில் உடலை மேட்டுக்குப் பின்னால் மறைத்து டரெட்டை மட்டும் காட்டுவது சாமர்த்தியம். இங்கே அடி வாங்கும் ரிசீவரே டரெட்டின் உச்சியில்தான் இருக்கிறது! உடலை மறைத்து என்ன பயன்? தலையை மறையுங்கள். அதற்காக ரிசீவரின் மேல் உருமறைப்பு வலையைப் போர்த்துவது போங்கு ஆட்டம். எங்கள் குழுவில் அப்படிச் செய்தவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தார்.

34. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடும் டாங்கியை வீட்டுக்குள் சுட்டால், அடுத்த பொங்கல் வரை சோபாவுக்கு அடியிலிருந்து குண்டு வந்துகொண்டிருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் சுடவே கூடாது. வெளியில் சுடும்போது பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டால் குண்டு தெறிக்காமல் கீழே விழும், கூட்டி எடுத்துவிடலாம்.

35. பெரிய டாங்கிகளில் பெயின்ட் பால் துப்பாக்கி வைத்து ஆடுகிறார்கள். அந்தக் குண்டின் தோல் ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊதிக் குழாயில் சிக்கும், வெயிலில் நின்ற காரில் விட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் குளிர்காலத்தில் அழுத்தம் குறைந்து குண்டைக் காலடியிலேயே துப்பும். வருடம் முழுக்க ஆடுபவர்கள் அழுத்தமேற்றிய காற்றுச் சிலிண்டருக்கு மாறிவிடுவது நல்லது. பட்ட சாயம் தண்ணீரில் போய்விடும், அன்றே கழுவினால்.

36. பெயின்ட் பால் நடக்கும் இடத்தில் முழு முகமூடி எல்லோருக்கும் உண்டு. ஓட்டுபவர், நடுவர், வேடிக்கை பார்க்க வந்த மாமனார், யாராக இருந்தாலும் சரி. மூக்குக் கண்ணாடி முகமூடி ஆகாது. ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு முறையும் குழாய் முனைக்கு உறை போட வேண்டும். இதில் நான் யாரோடும் சிரித்துப் பேசுவதில்லை.

37. பெயின்ட் விஷயத்தில் ஒரு தேதி: 1943 பிப்ரவரி. அதற்கு முன் ஜெர்மன் டாங்கிகளின் அடிநிறம் அடர் சாம்பல். அதன் பின் மண் மஞ்சள். தேதி தெரியாமல் அடித்தால் யாராவது ஒரு பெரியவர் வந்து சொல்லிவிட்டுத்தான் போவார். பெயின்ட் உரிந்த தோற்றத்துக்கு, பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் கிள்ளி, கரும்பழுப்பில் தொட்டு ஓரங்களில் ஒற்றுங்கள். பயன்படுத்திய டீத்தூளைக் காய வைத்துத் தூவினால் உதிர்ந்த இலை. தோட்டத்து மண்ணைச் சலித்து மினுக்கில்லாத வார்னிஷில் குழைத்தால் சேறு. காபித்தூளை வீணாக்காதீர்கள், டீத்தூள்தான் இலை மாதிரி இருக்கும்.

38. இங்கிலாந்தில் இருப்பவர்கள் ஒருமுறை டார்செட் பகுதியில் உள்ள போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடிபட்ட 'டைகர் 131' அங்கே ஓடும் நிலையில் இருக்கிறது. எல்லோரும் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் குனிந்து டிராக்கையும் சக்கர நட்டுகளையும் பின்பக்கப் புகைக் குழாய்களையும் படம் எடுங்கள்.

39. களத்தின் எல்லையைக் கோலமாவால் போடுங்கள். புல்லுக்குக் கெடுதல் இல்லை, மழையில் கரைந்துவிடும். மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொள்ளும்.

40. குழந்தைகள் கேட்டால் 1/16 டாங்கியைக் கொடுங்கள். வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி ரிமோட்டிலேயே இருந்தால் பாதியாக்கிவிட்டுக் கொடுங்கள். உடைத்துவிடுவார்களே என்ற பயம் வேண்டாம். என் டைகரை இதுவரை உடைத்தது நான் மட்டும்தான். 1/6 டாங்கியின் ரிமோட்டை மட்டும் எத்தனை அழுதாலும் கையில் தராதீர்கள்.

41. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை நேரம் ஓடியது, எதனால் நின்றது, என்ன மாற்றினேன் என்று நாலு பத்தி போதும். என் நோட்டில் போன வருடப் பக்கங்களைப் புரட்டினால், 'எதனால் நின்றது' என்ற பத்தியில் 'எதிரி' என்று எழுதியது இரண்டு இடத்தில்தான். மற்றதெல்லாம் பின், நட்டு, ஒயர், பேட்டரி. இடது பக்க டிராக்கின் பெயர் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்துத்தான், அந்தப் பக்க அச்சு லேசாக வளைந்திருப்பதையே கண்டுபிடித்தேன். பென்சிலால் எழுதுங்கள், கிரீஸ் பட்ட விரல் பேனா மையைக் கலைத்துவிடும்.